துபாயில் ஃபிளாட் வாங்க இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது: யாருக்கு எந்த வழி?

துபாய் ஏஜென்ட்டுகள் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். வெளிநாட்டவர் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு சொத்து வாங்கலாம் என்று 2006-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. வாடகைக்கு அங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. எல்லாம் சரி. ஆனால் பணம் இந்தியாவிலிருந்து எந்த வழியாகக் கிளம்ப வேண்டும் என்பதை அவர் பேசமாட்டார். அது அவர் வேலையும் இல்லை. பணம் போன பிறகு கேள்வி கேட்கப்போவது ரிசர்வ் வங்கியும் வருமான வரித் துறையும், விஷயம் பெரிதானால் அமலாக்கத் துறையும்தான்.

ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். கோயம்புத்தூரில் தொழில் செய்யும் ஒரு தம்பதி. ஃபிளாட்டின் விலை 15 லட்சம் திர்ஹம். துபாய் நிலத் துறையின் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 60,000. வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி கட்டலாம் என்பார்கள். நடைமுறையில் முழுதும் வாங்குபவர் தலையில்தான். ஏஜென்ட் கமிஷன் 2 சதவீதம், 30,000. ஆக 15.9 லட்சம் திர்ஹம், ஏறத்தாழ 4,33,000 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 3.90 கோடி ரூபாய். சில்லறைச் செலவுகளை விட்டுவிடுகிறேன்.

இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இதற்கான முக்கிய வாசல் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம். ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். இந்த வரம்பு சொத்துக்கு மட்டுமானது அல்ல. மகனின் கனடா காலேஜ் ஃபீஸ், சுற்றுலா, அமெரிக்கப் பங்குகள் எல்லாமே இதற்குள் அடங்கும். இன்னொரு விஷயம், வெளிநாட்டில் சொத்து வாங்க இங்குள்ள வங்கி கடன் தரக் கூடாது. சொந்தப் பணமாக இருக்க வேண்டும். அந்த வங்கியில் உங்கள் கணக்கு ஓராண்டு பழையதாக இருக்க வேண்டும். புதிய கணக்கு என்றால் பழைய ஸ்டேட்மென்ட்டையும் வருமான வரி ரிட்டர்னையும் கேட்பார்கள்.

ஒருவர் வரம்பில் 4,33,000 டாலர் அடங்காது. அப்படியானால் இரண்டு நிதியாண்டாகப் பிரிக்கலாம், இரண்டு பேராகப் பிரிக்கலாம், பில்டரிடம் தவணை போடலாம், அங்கேயே கடன் வாங்கலாம். எதை எடுக்கலாம் என்று பார்ப்பதற்கு முன் டிசிஎஸ் கணக்கை, அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரியைப் பார்த்துவிட வேண்டும். முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது 2,50,000 டாலர் வரம்பு அல்ல, இந்த டிசிஎஸ்தான்.

டிசிஎஸ் பிடிக்கும் பணம்

சொத்து வாங்க அனுப்பும் தொகையில், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 20 சதவீதத்தை வங்கி பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும். 2023 அக்டோபருக்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது. 10 லட்சம் என்ற விலக்கு 2025 ஏப்ரலில் வந்தது, அதற்கு முன் 7 லட்சம். இது செலவு அல்ல. உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் ரீஃபண்ட் வரும். ஆனால் அனுப்பும் தொகையிலிருந்து கழிக்கமாட்டார்கள், அதற்கு மேலே தனியாகக் கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது சுமார் 74 லட்சம். 3.90 கோடி கையில் இருந்தால் 3.90 கோடி ஃபிளாட் வாங்கிவிடலாம் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். வேண்டியது 4.64 கோடி.

அந்த 74 லட்சம் எவ்வளவு நாள் வெளியே நிற்கும் என்பது நீங்கள் அனுப்பும் மாதத்தைப் பொறுத்தது. மார்ச்சில் அனுப்பினால் அந்த நிதியாண்டுக்கான ரிட்டர்னை ஜூலைக்குள் போட்டு ரீஃபண்ட் கேட்கலாம். ஏப்ரலில் அனுப்பினால் அந்த நிதியாண்டு முடியும் வரை ரிட்டர்ன் போட வழி இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் போட்டால் சுமார் 15 மாதம். ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி தருவார்கள் என்றாலும் அது ஓட ஆரம்பிப்பது நிதியாண்டு முடிந்த பிறகுதான். ஆண்டுக்கு 40, 50 லட்சம் வருமான வரி எப்படியும் கட்டுபவருக்கு இது பெரிய தலைவலி இல்லை. அட்வான்ஸ் டாக்ஸ் கட்டும்போது டிசிஎஸ்ஸைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம். சம்பளக்காரர்கள் 2024 அக்டோபர் முதல், நிறுவனத்திடம் தெரிவித்து மாதாமாதம் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்ளவும் முடியும். நிலத்தை விற்ற பணத்தை வைத்து ஃபிளாட் வாங்கும், ஆண்டு வருமானம் குறைவான ஓய்வுபெற்றவருக்குத்தான் இது உண்மையிலேயே வலிக்கும்.

ஒருவர் பெயரா, இருவர் பெயரா?

கணவர் மட்டும் வாங்குகிறார் என்றால் மார்ச் கடைசியில் 2,50,000 டாலர், ஏப்ரலில் மீதி 1,83,000. சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. இடைவெளி பத்து நாள்கூட இருக்க வேண்டியதில்லை, நிதியாண்டு மாறினால் போதும். ஆனால் இரண்டாவது பகுதியின் டிசிஎஸ், சுமார் 31 லட்சம், அந்த 15 மாதக் கணக்கில் போய் மாட்டும். முதல் பகுதியின் 43 லட்சம் சில மாதங்களில் திரும்பிவிடும். அப்புறம், புதிய நிதியாண்டில் அவர் வரம்பில் மிச்சம் இருப்பது 67,000 டாலர்தான். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் யோசிக்க வேண்டும்.

இருவர் பெயரிலும் வாங்கினால் ஆளுக்கு 2,16,500 டாலர். ஒரே நிதியாண்டில், ஒரே வாரத்தில்கூட முடித்துவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் முடித்தால் 74 லட்சமும் அந்த ஜூலை ரிட்டர்னிலேயே வந்துவிடும். எனக்குக் கேட்டால், தயார் நிலையில் உள்ள ஃபிளாட்டுக்கு இதுதான் மிகச் சுத்தமான வழி.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சேர்த்து அனுப்பும் ஒவ்வொருவரும் சொத்தில் பங்குதாரராக இருக்க வேண்டும். மனைவியின் வரம்பை எடுத்துக்கொண்டு கிரயத்தை கணவர் பெயரில் மட்டும் போடுவது விதிமீறல். மச்சான் வரம்பு, அப்பா வரம்பு, சித்தப்பா மகன் வரம்பு என்று நான்கைந்து பேரைத் திரட்டி ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஐந்து பேர் அனுப்பினால் ஐந்து பேரும் துபாய் பத்திரத்தில் இருக்க வேண்டும். விற்கும்போது ஐந்து பேர் கையெழுத்து, ஐந்து பேருக்கும் வரிக் கணக்கு. மைனர் பிள்ளைக்கும் வரம்பு உண்டு, கார்டியன் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். பின்னால் அந்தப் பங்கை விற்பது எளிதாக இருக்காது என்பதால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

மனைவிக்குச் சொந்த வருமானம் இல்லை என்றால்? கணவர் இங்கேயே ரூபாயாக அவர் கணக்கில் பரிசாகப் போடலாம். கணவன், மனைவிக்குள் பரிசுக்கு வரி இல்லை. அப்புறம் மனைவி தன் பான், தன் ஏ2 படிவத்தில் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் படிவம்) தன் வரம்பில் அனுப்ப வேண்டும். ஒரு இந்தியவாசி இன்னொரு இந்தியவாசியின் வெளிநாட்டுக் கணக்குக்கு டாலராகப் பரிசு அனுப்புவதுதான் கூடாது. வாடகையில் மனைவி பங்கும் கணவர் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். ரீஃபண்ட் 37 லட்சத்துக்கு மனைவி தனியாக ரிட்டர்ன் போட வேண்டும். இதுவரை ரிட்டர்னே போடாதவர் பெயரில் திடீரென்று இவ்வளவு பெரிய தொகை தெரிந்தால் நோட்டீஸ் வரலாம். பரிசுப் பத்திரம் ஒன்று எழுதி வைத்திருந்தால் பதில் சொல்ல எளிது.

கூட்டுப் பெயரில் இருக்கும் ஒரே நெருடல் வாரிசு விஷயம். ஒருவர் இறந்தால் அவர் பங்குக்கு அங்கே தனி நடைமுறை. முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் பதிவு செய்வதற்கென்றே துபாய் சர்வதேச நிதி மையத்தில் 2015 முதல் ஒரு பதிவகம் இருக்கிறது. வாங்கும்போதே அதையும் செய்துவிடுவது நல்லது.

தவணையும் கடனும்

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டைத் தவணையில் வாங்குவது கேட்க இனிமையானது. இப்போது 10, 20 சதவீதம். மீதி மூன்று நான்கு வருடத்தில். வரம்புப் பிரச்சினை இல்லை, டிசிஎஸ் ஒரேயடியாகக் கனக்காது. துபாயின் 2007 சட்டப்படி, வாங்குபவர்களின் பணம் அந்தந்தத் திட்டத்துக்கான எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போக வேண்டும், பில்டர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. இதெல்லாம் நல்ல அம்சங்கள்.

எனக்கு இதில் தயக்கம் இரண்டு. முதலாவது, எல்ஆர்எஸ் வாசல் எப்போதும் இதே அகலத்தில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. 2004-இல் 25,000 டாலரில் ஆரம்பித்து 2007-இல் 2,00,000 வரை போனது. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது ஒரே சுற்றறிக்கையில் 75,000-ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்க இதைப் பயன்படுத்தவே கூடாது என்றும் சொன்னார்கள். 2014-இல் திரும்ப அனுமதித்தார்கள், 2015-இல்தான் இன்றைய 2,50,000 வந்தது. நான்கு வருடத் தவணையில் கையெழுத்துப் போடுபவர் இன்னும் நான்கு வருடத்துக்கு விதி மாறாது என்று பந்தயம் கட்டுகிறார். இரண்டாவது, ரூபாய். மீதித் தவணை 10 லட்சம் திர்ஹம் இருக்கும்போது டாலர் 90-இலிருந்து 95 ஆனால், உங்களுக்குக் கூடுதல் செலவு சுமார் 13.6 லட்சம் ரூபாய். பாதியில் தவணை கட்ட முடியாமல் போனால் ஒப்பந்தத்தை ரத்து செய்து கணிசமான பங்கை வைத்துக்கொள்ள அங்கே பில்டருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தவணையிலேயே இரண்டு ரகம் உண்டு. கட்டுமானம் முன்னேற முன்னேறக் கட்டுவது ஒன்று. சாவியை வாங்கிய பிறகும் இரண்டு மூன்று வருடம் கட்டுவது மற்றொன்று. பின்னதுதான் விளம்பரங்களில் அதிகம் மின்னும். சொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பில்டருக்குப் பாக்கி வைத்திருந்தால் அது கடன் மாதிரியே தெரிகிறது. இந்தியவாசி வெளிநாட்டவரிடம் அந்நியச் செலாவணியில் கடன் வாங்க, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா அனுமதித்த சில வழிகள் தவிர வேறு இடம் இல்லை. ஆடிட்டர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வேறுபாடு இருக்கும் இடத்தில் நான்கு கோடியை வைத்துச் சோதனை செய்ய வேண்டிய அவசியம் என்ன?

துபாய் வங்கியில் வீட்டுக் கடன் வாங்குவதற்கும் இதே பதில்தான். அங்குள்ள வங்கிகள் அந்த நாட்டில் வசிக்காதவர்களுக்கும் விலையில் பாதி அளவுக்குக் கடன் தர முன்வருவார்கள். வாடகையிலேயே அடைத்துவிடலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் பார்ப்பது அந்த ஊர் விதி. இந்தியவாசியாக இருக்கும் வரை இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. என்ஆர்ஐ என்றால் கதையே வேறு. அவருக்கு இந்தத் தடை எதுவும் இல்லை.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும்

தமிழ்நாட்டில் பலருக்கு மேலே சொன்ன எதுவுமே தேவைப்படாமல் போகலாம். துபாயிலோ மஸ்கட்டிலோ இருபது வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர், தன் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஆர்எஃப்சி கணக்கில் (ஊர் திரும்பியவர் அந்நியச் செலாவணியாகவே வைத்துக்கொள்ளும் கணக்கு) வைத்திருந்தால், அதிலிருந்து சொத்து வாங்க எல்ஆர்எஸ் வரம்பும் இல்லை, டிசிஎஸ்ஸும் இல்லை. ஆனால் ஊர் திரும்பும்போது என்ஆர்இ கணக்கில் (என்ஆர்ஐ தன் வெளிநாட்டு வருமானத்தை இங்கே போட்டு வைக்கும் கணக்கு) உள்ள பணத்தைச் சாதாரண ரூபாய்க் கணக்காக மாற்றிவிட்டால் இந்த வசதி போய்விடும். வங்கிக்காரர் தானாக ஆர்எஃப்சி என்று சொல்வது அபூர்வம், நாம்தான் கேட்க வேண்டும். இன்னும் திரும்பாதவர் என்றால் அங்கே இருக்கும்போதே வாங்கிவிடலாம். வெளிநாட்டுவாசியாக இருந்தபோது வாங்கிய சொத்தை ஊர் திரும்பிய பின்னும் வைத்துக்கொள்ள ஃபெமா சட்டமே அனுமதிக்கிறது.

மகனோ மகளோ அங்கே வேலை பார்த்தால், அவர்கள் பணத்தில் வாங்கும் சொத்தில் பெற்றோர் பெயரையும் சேர்க்கலாம். இந்தியாவிலிருந்து பணம் எதுவும் போகக் கூடாது, அவ்வளவுதான். அப்பா பணம் போட விரும்பினால், மகனின் என்ஆர்ஓ கணக்கில் (என்ஆர்ஐ தன் இந்தியப் பணத்தை வைக்கும் ரூபாய்க் கணக்கு) ரூபாயாகப் பரிசு கொடுக்கலாம். அது அப்பாவின் 2,50,000 டாலர் வரம்பில் கழியும். மகன் தன் என்ஆர்ஓ பணத்தை, வரி கட்டியதற்கான சான்றுகளோடு, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துப்போகலாம். ஒன்றே ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: அப்படிக் கொடுத்தால் சொத்து மகனுடையது. நாளைக்கு அப்பாவுக்குப் பணம் தேவைப்பட்டால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதில் சங்கடம் இல்லாத குடும்பத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை.

உண்டியல் (ஹவாலா), கிரெடிட் கார்டு, கிரிப்டோ என்று வேறு வழிகளும் காதில் விழும். உண்டியல் சட்ட விரோதம் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் கார்டு தேய்க்கக் கிடைத்திருக்கும் அனுமதி பயணம், ஷாப்பிங் போன்ற நடப்புச் செலவுக்கானது. ஃபிளாட் முன்பணம் முதலீடு, மூலதனக் கணக்கில் சேரும், அந்த அனுமதிக்குள் வராது. கிரிப்டோவை பில்டர் வாங்கிக்கொள்வார், ஆனால் எல்ஆர்எஸ் வழியாகப் போனதற்கான ஒரு தாளும் உங்களிடம் இருக்காது. பிடிபட்டால் ஃபெமாவில் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம். வெளிநாட்டில் உள்ள சொத்துக்கு ஈடாக இங்கே உள்ள சொத்தை முடக்கவும் 2015 முதல் அதிகாரம் இருக்கிறது. வாடகை விழும் துபாய் வங்கிக் கணக்கின் விவரம் இந்தியாவுக்குத் தானாகவே வருகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

எந்தக் கணக்குக்கு அனுப்புவது?

கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் நேராக அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்குக்கு. ஏஜென்ட் கம்பெனியின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தயார் ஃபிளாட்டை இன்னொருவரிடமிருந்து வாங்கும்போது கிரய நாளன்று அந்த ஊர் வங்கியின் மேனேஜர்ஸ் செக் (நம் ஊர் டிடி மாதிரி) கேட்பார்கள். அதற்கு அங்கே உங்கள் பெயரில் கணக்கு வேண்டும், அல்லது சொத்துப் பரிவர்த்தனை பார்க்கும் வக்கீல் நிறுவனம் வேண்டும். அங்கே வசிக்காதவருக்குக் கணக்குத் திறக்க நாள் பிடிக்கும். அதனால் ஃபிளாட்டைத் தேடும்போதே கணக்கு வேலையையும் ஆரம்பித்துவிட வேண்டும்.

மூன்றாவது ஒன்று 2024 ஜூலையில் வந்தது. குஜராத்தின் சர்வதேச நிதிச் சேவை மையமான கிஃப்ட் சிட்டியில் உள்ள வங்கிக் கிளையில் டாலர் கணக்கு திறந்து, எல்ஆர்எஸ் பணத்தை அங்கே போட்டு, அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம். டிசிஎஸ் அப்படியேதான், வரம்பும் அப்படியேதான். மார்ச்சுக்குள் அந்த ஆண்டு வரம்பைப் பயன்படுத்த வேண்டும், ஆனால் ஃபிளாட் இன்னும் முடிவாகவில்லை என்பவருக்கு இது உதவும். எங்கே நிறுத்தினாலும் 180 நாள் விதி உண்டு: அதற்குள் முதலீடு செய்யாத பணத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஐந்து வருடம் டாலர் சேர்த்து அப்புறம் வாங்கலாம் என்ற திட்டம் இதனால் நடக்காது.

கட்டணங்களில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வெளிநாட்டு வங்கிக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணமும் ஜிஎஸ்டியும் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். டாலர் விலையில் வங்கி வைக்கும் லாபம்தான் பெரிது. டாலருக்கு 50 காசு வித்தியாசம் என்றாலும் நம் உதாரணத்தில் 2.16 லட்சம் ரூபாய். கிளையில் சொல்லும் கார்டு ரேட்டுக்கு (எல்லோருக்கும் பொதுவான அன்றைய விலை) ஒத்துக்கொள்ளாமல், பெரிய தொகை என்று சொல்லி வங்கியின் கருவூலப் பிரிவிலிருந்து ரேட் வாங்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டிலும் கேளுங்கள். ஏ2 படிவத்தில் காரணக் குறியீடு வெளிநாட்டு ரியல் எஸ்டேட் முதலீட்டுக்கானதாக, எஸ்0005 என்று இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் அவசரத்தில் குடும்பப் பராமரிப்பு என்று போட்டுவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

வாங்கிய பிறகு ஒவ்வோர் ஆண்டும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் இதைக் காட்ட வேண்டும். அந்த அட்டவணை நிதியாண்டுப்படி அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் அபராதம் இல்லை என்று 2024-இல் வந்த சலுகை அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. துபாயில் வரி இல்லாத அந்த வாடகைக்கு இங்கே, 30 சதவீதக் கழிவு போக, உங்கள் வருமான அடுக்குப்படி வரி உண்டு. ஏஜென்ட் சொல்லும் 7 சதவீத வருமானம் உங்கள் கைக்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். இரண்டு வருடம் கழித்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம். விற்ற பணமும் 180 நாளுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது மறுபடி முதலீடாக வேண்டும். அப்போது ஆடிட்டர் முதலில் கேட்பது, ஒவ்வொரு முறை அனுப்பியதற்குமான ஏ2 நகல், ஸ்விஃப்ட் நகல், அன்றைய டாலர் விலை போட்ட வங்கி அட்வைஸ், எஸ்க்ரோ ரசீது. பத்து வருடம் கழித்து வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் கிடைக்காது. அனுப்பிய வாரத்திலேயே வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள்.